மசக்கை, மூன்று பிரதிகளில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம், மார்கழி மாதம் பதினோராம் தேதி, பிரம்மநாயகியின் வாந்தி சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் முறைப்படி பதிவானது.

பதிவு செய்யச் சொல்லி அவள் கேட்கவில்லை. நாள் தள்ளிப்போய் இரண்டு மாதமாகியிருந்தது. காலையில் கடுகு வெடித்தால் கொல்லைக்கு ஓடுவாள். திரும்பி வந்து குழம்பை இறக்குவாள். வாசனை மூக்கில் ஏறியதும் மறுபடியும் ஓடுவாள். அவள் புருஷன் கைலாசம் அந்த ஆபீஸில் குமாஸ்தா. அன்றைக்கு அரை மணி தாமதமாகப் போனவன், காரணம் எழுதுகிற நோட்டில் "மனைவிக்கு வாந்தி" என்று எழுதிவிட்டான். அந்த நோட்டில் உண்மையான காரணம் ஒன்று எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. பின்னால் வந்த சங்கடம் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம் என்று ஆபீஸில் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள்.

நோட்டு ஹெட் கிளார்க் தில்லைநாயகத்தின் மேஜைக்குப் போயிற்று. அந்த வருஷம் ஜில்லா முழுக்க உத்தியோகஸ்தர்களுக்கு ஹோமியோபதி பிடித்திருந்தது. முந்தின வருஷம் கைரேகை. அதற்கும் முந்தின வருஷம் தேனீ வளர்ப்பு. தில்லைநாயகத்தின் தேனீக்கள் பறந்துபோயிருந்தன. தற்சமயம் அவர் மேஜையில், கல்கத்தாவிலிருந்து தபாலில் வந்த மருந்துப் பெட்டியும் தடித்த இங்கிலீஷ் புஸ்தகமும் இருந்தன. நோயாளி மட்டும் இன்னும் வரவில்லை. "மனைவிக்கு வாந்தி" என்ற வரியைப் படித்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார் என்று டவாலி போட்ட சேவகன் சண்முகையா சொன்னான்.

கைலாசத்தைக் கூப்பிட்டு அந்த வைத்தியத்தின் தத்துவத்தை விளக்கினார். எந்தச் சரக்கு வாந்தியை உண்டாக்குமோ அதுவே வாந்தியை நிறுத்தும். ஆனால் கரைக்க வேண்டும். பாபநாசத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டு ஆற்றின் கடைசியில் போய் ஒரு கரண்டி மொள்ளுகிற அளவுக்குக் கரைக்க வேண்டும். சரக்கு குறையக் குறைய வீரியம் ஏறும். ஒன்றுமே மிஞ்சாதபோதுதான் மருந்து முழு பலத்தோடு இருக்கும்.

"நம்ம ஆபீஸ்ல மனு மேஜை மேஜையாப் போகுதுல்லா வே, அதே தத்துவந்தான்" என்றார்.

கைலாசம் தலையாட்டினான். அவனை நிரந்தரம் செய்யும் ஃபைல் இரண்டு வருஷமாக அவர் மேஜையில்தான் வீரியம் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது மருந்தல்ல, ஒரு படிவம். அறுபத்து நாலு கேள்விகள், மூன்று பிரதிகள். நாதசுரம் கேட்டால் அழுகை வருமா? கனவில் பாம்பு வந்தால் எந்தத் திக்கிலிருந்து வருகிறது? தென்காற்று பிடிக்குமா? பிரம்மநாயகி சுவரில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்லக் கைலாசம் எழுதினான். முப்பத்தெட்டாவது கேள்வி, கணவனைக் கண்டால் எரிச்சல் உண்டாகுமா என்பது.

"இந்தத் தாளை எடுத்துட்டு வாரதுக்கு முந்தி இல்ல" என்றாள். அதையும் அவன் அப்படியே எழுதிக்கொண்டான்.

மறுநாள் மாத்திரை வந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை, இனிப்பு. தினம் நாலு வேளை. கூடவே பத்தியம். காப்பி கூடாது, வெங்காயம் கூடாது, பெருங்காயம் கூடாது, எலுமிச்சை கூடாது, கற்பூர வாசனையே ஆகாது. பிரம்மநாயகிக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருந்தது புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்றுதான். உப்புத் தொட்டு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் அரை மணி நேரம் தாங்கும். அதுவும் போயிற்று. கற்பூரம் ஆகாது என்பதால் கோயிலும் போயிற்று. ஆனாலும் யாருக்கும் தெரியாமல் கோமதியம்மன் சன்னதிக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மண்ணைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

மாத்திரை அவள் வயிற்றில் தங்கவில்லை. போட்ட நிமிஷமே திரும்பி வந்தது. மூன்று நாள் பார்த்துவிட்டுக் கைலாசம் தயங்கித் தயங்கி ஹெட் கிளார்க்கிடம் சொன்னான். தில்லைநாயகம் புஸ்தகத்தைப் புரட்டினார். அதில் வழி இல்லை. அலமாரியிலிருந்து ஆபீஸ் விதித் தொகுப்பை எடுத்துப் புரட்டினார். அதில் இருந்தது.

"சம்மன் திரும்பி வந்தா என்ன வே செய்யுதோம்?"

"வீட்டுல இருக்குத வயசு வந்த ஆம்பளைகிட்டக் குடுத்துக் கையெழுத்து வாங்குதோம், சார்."

"பொறவென்ன?"

கைலாசத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மெதுவாக ஒரு ஆட்சேபம் எழுப்பிப் பார்த்தான். தில்லைநாயகம் ஜன்னல் வழியே கோபுரத்தைக் காட்டினார். பாதி சங்கரன், பாதி நாராயணன் என்று சாமியே ஒரே உடம்பில் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, புருஷன் வாய் வேறு பெண்டாட்டி வாய் வேறு என்று பேசுகிறவனுக்கு எப்படி வேலை நிரந்தரமாகும் என்று கேட்டார். கைலாசம் அங்கேயே வாயைத் திறந்தான்.

அன்று முதல் பிரம்மநாயகியின் மசக்கைக்குக் கைலாசம் மருந்து சாப்பிட்டான். மருந்து சாப்பிடுகிறவன்தான் பத்தியம் இருக்க வேண்டும் என்பதால் எலுமிச்சம்பழம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. அவன் காப்பியை விட்டான், வெங்காயத்தை விட்டான். விடிந்ததும் வெறும் வயிற்றில் தொடங்கி நாலு வேளையும் மாத்திரை. பதினைந்தாம் நாள், ஆபீஸில் மைப்புட்டியைத் திறந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

தில்லைநாயகத்துக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. "டிரான்ஸ்ஃபர் ஆயிட்டுது வே" என்றார்.

பங்குனி பிறந்தபோது பிரம்மநாயகிக்கு வாந்தி நின்றது. ஐந்தாவது மாசத்தில் எல்லாருக்கும் நிற்பதுபோல் நின்றது. அவள் ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டுச் சுகமாக உட்கார்ந்திருக்க, கைலாசம் கொல்லையில் குனிந்து நின்றான். பாவமாகத்தான் இருந்தது. நாலைந்து நாள் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின், முன்பு அவள் கொல்லைக்கு ஓடியபோது அவன் சொன்னது போலவே, எல்லாருக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

குணமானது குணமானதுதான். ஹெட் கிளார்க் மேஜையில் ஃபைல் கிடக்கிற குமாஸ்தாக்கள் எல்லாரும் தங்கள் மனைவிமாரின் உபாதைகளை மூன்று பிரதிகளில் கொடுத்து, மாத்திரையைத் தாங்களே விழுங்கினார்கள். பட்டா மாற்ற வருகிற விவசாயச் சம்சாரிகளுக்கும் சண்முகையா வாசலிலேயே படிவம் நீட்டினான். குருவிகுளத்திலிருந்து வந்த மருதப்பன், தன் வீட்டில் பேறுகாலம் முடிந்து ஏழு வருஷமாயிற்று என்று முறையிட்டான். அந்த ஏழு வருஷத்துக்கு முந்தின வாந்திக்கு மருந்து சாப்பிட்டதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டார்கள். இல்லை. உட்கார வைத்து நிலுவையைக் கொடுத்தார்கள்.

வைகாசியில் ஜமாபந்தி வந்தது. கணக்குப் பார்க்க வந்த சப் கலெக்டர் முதல் ரிஜிஸ்தரைத் திறந்தபோது நாலு குமாஸ்தாக்கள் ஒரே சமயத்தில் கொல்லைப்பக்கம் ஓடினார்கள். அவர் விளக்கம் கேட்டார். தில்லைநாயகம் ஃபைலை வைத்தார். அதிகாரி முழுவதும் படித்தார். இனி இது தீர்ந்தது, நாளை நமக்குக் காப்பி உண்டு என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் குறிப்பெழுதினார்: ஏற்பாடு திருப்திகரம், மற்ற தாலுகாக்களுக்கும் விஸ்தரிக்கலாம், படிவத்தில் மாமியாருக்கு ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். கைலாசத்தின் ஃபைலில் தனியாக ஒரு வரி: "மேற்படி ஊழியர் தற்போது மசக்கையில் இருப்பதால், நிரந்தரம் செய்வது பேறுகாலத்துக்குப் பின் பரிசீலிக்கப்படும்."

ஆனியில் பிரம்மநாயகிக்குக் கால் வீங்கியது. முதலில் சாயங்காலம் மட்டும் வீங்கியது. பிறகு விடிந்து எழுந்தாலும் மெட்டி இறுகிக் கிடந்தது. முகம் உப்பிற்று. தலைவலி மண்டையைப் பிளந்தது. ஒருநாள் காலை, அடுப்படியில் நின்றவளுக்குக் கண்முன் மின்மினி பறந்தது.

கைலாசம் ஓடிப்போய்ச் சொன்னான். தில்லைநாயகம் நூலெடுத்து அவன் கணுக்காலைச் சுற்றி அளந்தார். வீக்கம் இல்லை. ஃபைல்படி நோயாளி கைலாசம். நோயாளிக்கு வீக்கம் இல்லை என்றால் வீக்கம் இல்லை. புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

அவன் படிவத்தோடு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் பிடித்து வந்த மாட்டுவண்டி நின்றது. பிரம்மநாயகி வைக்கோல்மேல் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அறுபத்து நாலு கேள்வி கேட்டீங்க. பயமா இருக்கான்னு ஒரு கேள்வி இருந்துதா?"

கைலாசம் அவள் முகத்தைப் பார்த்தான். ஆறு மாதமாக அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தவன், அந்த முகம் இப்படி வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தான். தாளை வாசலில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினான். வழியில் எங்கும் அவனுக்கு வாந்தி வரவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டிருந்ததில் அது மறந்தே போயிற்று.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆயிஷம்மாள் காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. ரத்த அழுத்தம் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்ன மருந்து சாப்பிடுதே தாயி?"

"நான் சாப்பிடலம்மா. அவுகதான் சாப்பிடுதாக."

ஆயிஷம்மாள் கைலாசத்தைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். இருபது வருஷ உத்தியோகத்தில் அவள் பலதும் பார்த்தவள். அவனை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஜன்னி கண்டிருக்கும், தாய் பிள்ளை இரண்டுக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொன்னார். பிரம்மநாயகியை இருட்டறையில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். இருபது நாள் அவள் எழுந்திருக்கவில்லை. கைலாசம் வராந்தாவில் கிடந்தான். இரண்டாம் நாள் ஆயிஷம்மாள் அவன் கையில் ஒரு டம்ளர் காப்பியைத் திணித்தாள். குடித்தான். ஆறு மாத மசக்கை ஒரே மடக்கில் தீர்ந்தது.

ஆடி மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆபீஸில் ஃபைல் முடிக்கப்பட்டது: "ஊழியர் கைலாசத்தின் பேறுகாலம் சிகிச்சையால் சுகமாக நிறைவேறியது." ஒரு வாரத்தில் அவன் நிரந்தரமானான். ஃபைலைத் திருத்தச் சொல்லி அவன் கேட்கவில்லை. கேட்டால் நிரந்தரம் போய்விடும் என்று அவனுக்கும் பிரம்மநாயகிக்கும் தெரியும்.

ஆவணியில் தில்லைநாயகத்தின் மகள் வடிவாம்பாள் முழுகாமல் பிறந்த வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே அவளை வாடகைக் காரில் ஏற்றி ஆயிஷம்மாளிடம் கூட்டிப்போனார். உங்க மருந்துப் பெட்டி என்னாச்சு என்று ஆயிஷம்மாள் கேட்டாள்.

"சொந்தக்காரங்க விஷயத்துல நான் தலையிடப்படாதும்மா. விதி இருக்கு."

பொழுது சாயுமுன் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி அந்தப் பெட்டியை யாரும் சீந்தமாட்டார்கள் என்று சண்முகையா படிவங்களைக் கட்டிவைத்தான். மறுநாள் காலை கட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சொந்த மகளுக்குக்கூடக் கொடுக்காமல் ஊருக்கே கொடுக்கிறாரே என்று அதில் இரண்டு பேர் கண்கலங்கினார்கள்.

அந்த வாரத்தில் எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் பிரம்மநாயகியைப் பார்க்க வந்தாள். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. உள்ளே கைலாசம் குழந்தையின் துணியை அலசிப் போட்டுவிட்டு அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தான். கடுகு வெடிக்கிற வாசனைக்கு வயிறு என்ன பாடுபடும் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, தாளிக்கிற வேலையை அவன் யாரிடமும் விடுவதில்லை. முப்பிடாதியம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தில்லைநாயகம் தருகிற மாத்திரை நெசமாவே கேக்குமா மதினி என்று கேட்டாள்.

பிரம்மநாயகி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நல்லாக் கேக்கும். ஒன் வீட்டு அண்ணாச்சிக்கு நாலு வேளையும் தவறாம குடு. ஒனக்கு ஒண்ணுன்னா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிரு."