எந்தக் குவியலிலும் சேராத ஆள்

ராஸ், டாஸ்மேனியா
ஆகஸ்ட் 19

மதிப்புக்குரிய மச்சான் வாலஸுக்கு,

உன் தங்கையைக் கட்டிய குற்றத்துக்காக முப்பத்தொரு வருடமாக உன் கேலியைத் தாங்கும் கிளாரி எழுதுவது. நெஸ்டா நலம். என் நலத்தைப் பற்றி டாக்டர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்ஸ் சிறுத்துவிட்டதென்று நெஸ்டாவை ஏசினேன், தொப்பி சிறுத்ததென்று கடைக்காரனை ஏசினேன், கடைசியில் கல்யாண மோதிரத்தை ரம்பம் வைத்து அறுத்தபோது அவள், "சாமான் எதுவும் சுருங்கல, நீதான் பெருத்துக்கிட்டே போற" என்றாள். ஹோபார்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அறுபத்திரண்டு வயதில் எனக்கு வளர்ச்சி ஹார்மோன் எக்கச்சக்கமாம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு, அது வீங்கியிருந்தது. நோயே அபூர்வம், வந்தால் அநேகமாக எல்லோருக்கும் கட்டி அங்கேதானாம். மூக்கு வழியாகப் போய் வெட்ட நாளும் குறித்துவிட்டார்கள்.

அப்போதுதான் சுரப்பி நோய் பார்க்கும் டாக்டரம்மா மேவ் ஓல்டிங் வந்து பழைய படங்களைக் கேட்டார். வருடா வருடம் ஆட்டு ரோமம் கத்தரித்து முடிந்ததும் கொட்டகை வாசலில் வரிசையாக நிற்போமே, அந்த இருபத்திரண்டு படங்களையும் கட்டிலில் பரப்பினார். என் கையைப் பிடித்து, நான் கம்பளியைத் தரம் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரித்தபோது செய்ததுபோலவே தோலை இரண்டு விரலால் தேய்த்தார். ஒரு படத்தைத் தொட்டு, "இந்த வருஷந்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றார். மச்சான், நயம் கம்பளியில் முரட்டுக் கம்பளியைக் கலந்து மானம் போய் நான் வேலையை விட்டேனே, அதற்கு முந்தின வருடம் அது. "விரல் நரம்பு நெரிஞ்சு மரத்திருக்கு. கைத்தொழில் உங்களை விட்டுப் போகல" என்றார். அழுதுவிட்டேன்.

அறுவை டாக்டர், "மூஞ்சி பெருத்திருக்கிறதப் பார்த்தாலே தெரியுதே, இன்னும் என்ன பாக்கணும்?" என்றார். இந்த அம்மா அசையவில்லை. "கட்டின்னா ஒரு பக்கம் புடைக்கணும். இது முழுசும் சமமா வீங்கியிருக்கு. வேற எங்கிருந்தோ ஏதோ இதை விரட்டி வேலை வாங்குது. தலையில கட்டி இருக்கிறவங்க குவியல்ல இவரைப் போட மாட்டேன்." சாயங்காலம் இடுப்பு ஒடிகிற நேரத்தில் சந்தேகமான ரோமத்தைப் பக்கத்துக் குவியலில் எறிந்தவன் நான், நீயும்தான். அவர் எறியவில்லை. நெஞ்சைப் படம் எடுத்தால், வலது நுரையீரலில் திராட்சை அளவில் ஒரு கட்டி, அங்கிருந்துதான் உத்தரவு போகிறது. தலைச் சுரப்பியை வெட்டியிருந்தால் இந்தக் கட்டி நெஞ்சுக்குள்ளேயே சுகமாக இருந்திருக்கும். பெரியவர்களுக்கு வரும் அபூர்வ சுரப்பி நோய்களின் பட்டியலில், பிரிவுக்குள் பிரிவாக, எனக்கென்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை நுரையீரலில் அறுவை. நான் மிகத் தைரியமாக இருக்கிறேன். நீ வர வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, வலிக்கிற உன் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
கிளாரி ஹிங்ஸ்டன்

பின்குறிப்பு: தைரியம் என்று எழுதியது சுத்தப் பொய். நெஸ்டா உறையை ஒட்டுவதற்குள் வாங்கி எழுதுகிறேன். வியாழக்கிழமையே வந்துவிடு. உன் ஆடுகள் குட்டி போடும் சமயம், தெரியும். அவற்றுக்கு அது வருடா வருடம் நடப்பது. எனக்கு இது முதல் தடவை.