தாளுக்கொரு பாடம்

மனிதன் தன் முடிவுகளை எழுதிவைத்து ஆராயத் தொடங்கும் நாளில்தான் நாகரிகம் பிறக்கிறது. சிவகாசியில் அது போன தை மாதம், இராமகிருஷ்ணனின் காலண்டர் அச்சகத்தில் பிறந்தது. இப்போது அதைக் காணவில்லை.

"எங்கன வச்சேன்?" மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

மதுரையில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து, அவர் எடுக்கும் முடிவு, அதன் காரணம், கற்ற பாடம் எல்லாம் ஒரு பச்சை அட்டை நோட்டில் ஏறின. டீயா காபியா என்பதுகூட. பையைத் துழாவினார். பச்சை நோட்டு வந்தது. ஆனால் அது, தினசரி காலண்டரில் தாளுக்கொன்றாகப் போட அவர் சேர்த்துவைத்த பொன்மொழி நோட்டு.

அப்படியானால், டைப் அடிக்கும் பானுப்பிரியாவிடம், "பழைய குப்பையவே போடாத, இதுலருந்து எடுத்துப் போடு" என்று கொடுத்தது?

அவள் மேசையில் முடிவு நோட்டு கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் சுழி, அச்சுக்குத் தேர்ந்த வரிகள் போல.

அவள் அடித்துக் கொடுத்த காலண்டர் அச்சாகி, காலையில்தான் வேனில் ஏறிப் போயிருந்தது. அது எம். புதுப்பட்டியில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் தங்கப்பாண்டியனின் ஆர்டர். அச்சகத்துக்கே பெரிய ஆர்டர். போதாக்குறைக்கு அவர், இராமகிருஷ்ணனின் மனைவி பொன்னுத்தங்கத்தின் அண்ணன். காலண்டர் அட்டையில் தங்கப்பாண்டியன் கைகூப்பிச் சிரிப்பார். கீழே தாளில், 'தங்கப்பாண்டியன் யோசனை சொன்னால் நேர்மாறாகச் செய்.'

சாம்பிளைப் பார்க்கலாமென்றால் இல்லை. 'இனி சாம்பிள் எடுத்துவைப்பதில்லை. காரணம்: சிக்கனம்' என்று நோட்டிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு பானுப்பிரியாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மகனுக்கு மொட்டை போட இருக்கன்குடிக்குப் போயிருந்தாள். போன் எடுக்கவில்லை.

வேன் டிரைவர் புகழேந்தியை அழைத்தார். "ஏலே, லோடை இறக்காத."

"இறக்கிட்டு டீ குடிக்கேன் அண்ணாச்சி."

தங்கப்பாண்டியனை அழைத்தார். "மச்சான், மை சரியாக் காயல. கட்டைப் பிரிக்காம அப்படியே திருப்பி விட்டுருங்க."

"மை காயலையா? இருங்க மாப்ள, பிரிச்சுப் பாக்கேன்."

'பொய் சொன்னேன். பாடம்: பிரிக்காதே என்றால் பிரிப்பார்கள்.' கை தானாக எழுதியது.

பொன்னுத்தங்கத்தை அழைத்து, அண்ணனிடம் பேசச் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள்.

"எங்கண்ணனப் பத்தி எழுதிருக்கீக. சரி. என்னப் பத்தி?"

"ஒரு தாளுதான்."

"அப்ப நீங்களே பேசிக்கோங்க." வைத்துவிட்டாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. தங்கப்பாண்டியன் படிப்பதற்குள் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவது. ஒப்புக்கொண்டார். வரிக்கு வரி ஒப்புக்கொண்டார்.

"நேர்ல வாரேன்," என்றார் தங்கப்பாண்டியன் போனில்.

வந்தார், கக்கத்தில் காலண்டரோடு.

"கம்பெனியில அம்புட்டுப் பேரும் உக்காந்து பொரட்டியாச்சு மாப்ள. 'அதிகாலை எழு'ங்குது, 'கோபம் தவிர்'ங்குது. நீங்க சொன்னது ஒண்ணுமே இல்லையே."

"இல்லையா?"

"இல்ல. எம்பேச்சக் கேக்கக் கூடாதுன்னு எம்பொண்டாட்டி தெனமும் சொல்லுதா. இதுக்குப் போயி ஒரு நோட்டா?" தங்கப்பாண்டியன் குலுங்கிச் சிரித்தார். "அடுத்த வருச ஆர்டரும் ஒங்களுக்குத்தான். ஆனா தங்கச்சியப் பத்தி ஒரு தாளாமே, அதக் காட்டுங்க."

இராமகிருஷ்ணன் நோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்நேரம் கோயில் பிரசாதத்தோடு பானுப்பிரியா உள்ளே நுழைந்தாள்.

"தாயி, நீதான் காப்பாத்துன," என்றார் இராமகிருஷ்ணன். "வாசிச்சதுமே, இத அச்சுல போடக் கூடாதுன்னு ஒரு முடிவு எடுத்த பாரு, அதுதான் முடிவு. என்ன காரணம்னு சொல்லு. எழுதி வைக்கணும்."

"எங்க அண்ணாச்சி வாசிக்க? பென்சில வச்சுச் சுழிச்சுச் சுழிச்சுப் பாத்தேன், ஒங்க கையெழுத்து ஒரு வரி வெளங்கல. போன வருசத்துப் பொன்மொழியவே போட்டுட்டேன்."