குண்டு தடுத்த பதக்கம்

மகன் உயிரின் விலை பதினொன்றேகால் ரூபாய். பேரம் கிடையாது. பட்டாபிராம் ரயிலடிப் பழைய சாமான் கடையில், உடைந்த சைக்கிளுக்கும் ஓட்டை அண்டாவுக்கும் நடுவே அது விற்றுக்கொண்டிருந்தது. விற்றவர் ராஜசேகர சுவாமிகள். போன வருஷம் வரை வெறும் ராஜசேகரன். பர்மாவில் சண்டை மூண்டதும் இவருக்குத் தெய்வத்தன்மை மூண்டுவிட்டது.

சரக்கு ஒரு வெள்ளிப் பதக்கம். போன யுத்தத்தில் ஒரு சிப்பாயின் மார்புக்கு வந்த குண்டைத் தடுத்ததாம், பள்ளம்கூட இருக்கிறதாம். வீட்டு உத்திரத்தில் கட்டினால் போதும், போர்முனையில் இருக்கும் பிள்ளையைக் குண்டு அண்டாது. ஆவடியில் கட்டினால் பர்மாவின் அரக்கானில் வேலை செய்யும். தபால் செலவுகூட இல்லை! வேப்பம்பட்டு வரையிலுள்ள தாய்மாரெல்லாம் வரிசையில் நின்றார்கள். உள்ளே விடுவது ஒவ்வொருவராகத்தான்.

குப்பம்மா சேக்காட்டில் கத்தரிக்காய் விற்பவள். மகன் தேவராஜிடமிருந்து கடிதம் வந்து நாலு மாதம். கம்மலை அடகு வைத்த பணம் முந்தானையில். நம்பித்தான் வந்தாள். ஆனால் கைப்பழக்கம் விடுமா? நாலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவள் எதையும் வாங்கியதில்லை.

"இன்னா சாமி, ஒண்ணைத்தான் காட்றே? நாலு எடு, நல்லதா பொறுக்கிக்கிறேன்."

"லோகத்துலயே இது ஒண்ணுதான் தாயே."

"அப்ப வெளில நிக்கிறவங்களுக்கு இன்னா குடுப்பே? நான் வர்றேன்."

பதினொன்றேகால் எழுந்து போவதைச் சுவாமிகளால் தாங்க முடியவில்லை. பெட்டியிலிருந்து இன்னும் மூன்று வந்தன. "ஒவ்வொண்ணும் வேற வேற சிப்பாயோடது."

குப்பம்மா வரிசையாக வைத்தாள். நான்கிலும் அதே ஓரத்தில் அதே பள்ளம். நான்கிலும் பொறித்திருந்த ராஜா தலையின் மூக்கில் அதே கொப்புளம்.

"நாலு பேருக்கும் ஒரே எடத்துலயா குண்டு பட்டுது?"

"சுட்டவன் ஒருத்தன்தாம்மா."

"மூக்குல கொப்புளம்? அதையும் அவன்தான் சுட்டானா?"

ஒன்றைச் சுவரில் இழுத்தாள். பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தது.

"ஈயம்! ஒரே அச்சுல ஊத்திக்கினு எங்கிட்டயே விக்கிறியா?"

நான்கையும் வாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். சுவாமிகள் பின்னாலேயே ஓடிவந்தார். "நம்பாதவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்!"

"சரி, நீ கழுத்துல மாட்டிக்கோ. குண்டே படாதவன் மேல செங்கல் படுதான்னு பாக்கலாம்."

வரிசையில் இருந்தவர்கள் குனிந்து செங்கல் தேடினார்கள். சுவாமிகள் பதக்கத்தைத் தேடவில்லை, கல்லாவைத் திறந்தார்.

குப்பம்மா முந்தானைப் பணத்தில் கொஞ்சத்தைச் செலவழித்து, மகனின் பட்டாளத்துக்குத் தந்தி கொடுத்து விசாரித்தாள். பதில் வந்தது: மலேரியா, ஆஸ்பத்திரியில் இருக்கிறான், தேறிவருகிறான். கொசுவைத் தடுக்கும் பதக்கம் இன்னும் கடைக்கு வரவில்லை.

விற்ற பதக்கம் நாற்பத்தொன்று. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் முப்பத்திரண்டு பேர். மற்றவர்கள், "எதுக்கும் இருக்கட்டும்" என்று உத்திரத்திலேயே விட்டுவிட்டார்கள். இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காசா, பணமா? புத்திக் கணக்கில் ஒன்பது பாக்கி.