புண்ணுக்குக் காவல் இருப்பவர்

புண்ணைக் கண் போலக் காப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. காலைக் காப்பவர்கள் இல்லை, புண்ணை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர், சர்க்கரை வியாதிக்காரர். அவருக்கு வலது காலின் இரண்டாவது விரலில் ஒரு புண். "கால் எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்; மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, கட்டை அவிழ்த்து, வந்தவர் கையில் டீ இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், "நல்லா ஆறிக்கிட்டு வருது, பாருங்க" என்று காட்டுவார். போன வருஷமும் அது ஆறிக்கொண்டுதான் வந்தது.

ஆறுவதற்கு என்ன அடையாளம்? புண்ணின்மேல் பளபளவென்று படிந்திருந்த ஒரு மெல்லிய ஏடு. அதைப் புதுத் தோல் என்று கொண்டாடினார். அதில் தண்ணீர் படக் கூடாது, துணி உரசக் கூடாது, அக்கா அந்தப் பக்கம் பெருமூச்சுகூட விடக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் நர்ஸ் அந்த ஏட்டைச் சுரண்ட வந்ததும் காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.

"சிஸ்டர், இப்பத்தான் லைனிங் மாதிரி தோல் பிடிச்சிருக்கு. தைச்சதை யாராவது பிரிப்பாங்களா?"

"அது தோல் இல்லைங்க. கிருமியெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து பசை போட்டு, அதுக்குள்ள குடும்பம் நடத்துது. சுரண்டாம மருந்து உள்ள போகாது. இப்படியே விட்டா விரலையே எடுக்க வேண்டி வரும்."

"பாத்தியா, பயமுறுத்துறாங்க," என்றார் அக்காவிடம்.

"என்னங்க, கொஞ்சம் கண்ணை மூடிக்கங்க, ஒரு நிமிஷம்..."

"உன் காலா இருந்தா தெரியும்!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு வீட்டிலேயே பவுடர் தூவினார். புண் ஆறிக்கொண்டே வந்தது. விரல் கறுத்தது. எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனவர்களிடம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா? "விரலை விடுங்க. அந்தப் புண்ணு இப்ப இருக்கா, சொல்லுங்க!"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே நாக்கைக் கீழ்வரிசைப் பற்களின் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பாருங்கள். ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அதுவும் அதே மாதிரி ஒரு கிருமிக் கூட்டம்தான். பல் டாக்டர் அதைச் சுரண்ட வந்தபோது, "எடுத்தா பல்லு ஆடிடும் டாக்டர்" என்று சொல்லி வாயை இறுக்கி மூடிக்கொண்டவர் யார்? நான் பெயர் சொல்ல மாட்டேன்.