'ஜீவ சுவாசம்' கண்ட நாத வளர்ச்சி

தூத்துக்குடி இந்த உலகத்துக்கு உப்பு கொடுத்தது, முத்து கொடுத்தது. அவற்றுக்கு அடுத்த பெருங்கொடை 'ஜீவ சுவாசம்' என்னும் சுவிசேஷப் பாடகர் குழு. ஆர்மோனியம், கிட்டார் எதுவும் கூடாது. 'மனிதக் குரலே போதும்' என்பது அதன் கொள்கை.

சாயர்புரத்துப் பள்ளி ஆசிரியை ஜெயஷீலா அதில் ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரலில் பாடினார். ஆரம்பத்தில் குழுவின் நால்வரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுப் பாடினார்கள். இந்தப் பிற்போக்கைத் தலைவர் ரெனிஷ் ஒழித்தார். முதலில் வாயாலேயே டிரம்ஸ். பிறகு சுருதி பிசகினால் தானே திருத்திவிடும் மென்பொருள். கனத்த குரல்காரர் பெனிஸ்டன் சவூதியில் உள்ள தம்மாமுக்கு வேலைக்குப் போனதும் குழுவினர் அனைவரின் குரலும் கம்ப்யூட்டரில் ஏறியது. பெனிஸ்டன் அங்கே கிரேன் ஓட்டுகிறார். அதே நேரத்தில் இங்கே மாப்பிள்ளையூரணி மேடையில் உருக்கமாகப் பாடுகிறார். இந்தச் 'சர்வவியாபகம்' வேறெந்தக் குழுவுக்கும் வாய்த்ததில்லை.

ஒருநாள் ஜெயஷீலாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர். கண்ணீரோடு, 'விலகிக்கொள்கிறேன்' என்று செல்போனில் எழுதிக் காட்டினார்.

"எதுக்குக்கா அழுவுதிய? ஒங்க குரலு எங்ககிட்ட பத்திரமா இருக்கு. நீங்க சேலையக் கட்டிட்டு வந்து நின்னாப் போதும்" என்றார் ரெனிஷ்.

ஜெயஷீலா போய் நின்றார், உதட்டை அசைத்தார். கூட்டம் முடிந்ததும் சீனித்தாய் என்றொரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எம் மவன் எறந்த பொறவு இன்னைக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. ஒங்க குரலு அப்படி."

ஜெயஷீலா அவள் கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் கொஞ்சம் கரகரப்போடு குரல் திரும்பியது. மேடையேறியபோது முன்வரிசையில் சீனித்தாய். ஜெயஷீலா அணைத்தே வைத்திருந்த தன் மைக்கைத் தானே 'ஆன்' செய்து பாடிவிட்டார். கம்ப்யூட்டர் ஜெயஷீலா ஒரு சுருதியில், உயிருள்ள ஜெயஷீலா அதற்குக் கீழே. இரண்டும் முட்டிக்கொண்டன.

மேடைக்குப் பின்னால் 'அவசரப் பொதுக்குழு' ஜெபத்தோடு கூடியது.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டிய?"

"பாடத்தானே செஞ்சேன், ரெனிஷ்?"

"அதத்தான் சொல்லுதேன்."

'ஒழுங்கீனம்' காரணமாக அவர் நீக்கப்பட்டார். ஆனால் அவர் குரல் குழுவிலேயே தொடரும் என்று பெருந்தன்மையோடு முடிவாயிற்று.

வெளியே சீனித்தாய் காத்திருந்தாள். ரெனிஷும் கையில் மைக்கோடு பின்னாலேயே வந்தார். "டீச்சர், இன்னைக்குக் கரகரன்னு பாடுனது நீங்கதான? அப்போ போன தடவ பாடுனது யாரு?"

"அது எப்பவோ பாடுனதும்மா. மிஷின்ல போட்டாவ. அன்னைக்கு எனக்குக் குரலே கெடையாது."

சீனித்தாய் ரெனிஷ் பக்கம் திரும்பினாள். "அப்போ நான் ஒரு மிஷினுகிட்டயா அழுதேன்?"

"எல்லாம் கர்த்தர் செயலும்மா" என்றார் ரெனிஷ்.

மைக் அவர் கையில் இருந்ததால் கர்த்தரால் மறுத்துப் பேச முடியவில்லை.