அப்பா குழாய்க்கு அளவெடுத்தார்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதைக் கடிதமாக எழுதி உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்க வேண்டும். போனில் நீங்கள் "சொல்லுடி" என்றதும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. "நல்லா இருக்கீங்களா அத்தை" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் வலி தேவலையா? இந்தக் கடிதம் உங்களிடம் எதையும் கேட்பதற்காக அல்ல என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். வீட்டில் நடந்ததைத் தெரிவிக்க மட்டுமே.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வெளியூரில். எந்த ஊர் என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், அதற்குள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். உங்கள் தம்பி கோபக்காரர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும், சிக்கலே அதுதான். கோபப்பட்டால் பதிலுக்கு ஏதாவது பேசலாம். அவர் "ம்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவார். அந்த "ம்" சரியா, வேண்டாமா என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அம்மா ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். அதனால் நான் தினமும் சாயங்காலம் மாடியில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்து ஒத்திகை பார்த்துவந்தேன். நடுவில் குழாய் வந்துவிட்டது.

இந்த வாடகை வீட்டில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஏசி. அதிலிருந்து தகரக் குழாய்கள் பரண் வழியாகப் போய், ஒவ்வோர் அறையிலும் சுவரின் உச்சியில் ஒரு சல்லடை மூடியில் முடிகின்றன. குளிர் அந்தச் சல்லடை வழியாக வர வேண்டும். வரவில்லை. குழாய்களின் இணைப்புகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருந்ததால் வீட்டிலேயே குளுகுளுவென்று வாழ்ந்தவை பரணில் கிடந்த பழைய சூட்கேஸ்கள்தான். கீழே தையல் அறையில் அளவு கொடுக்க வருகிறவர்கள் வியர்த்து, டேப் உடம்பில் ஒட்டிக்கொண்டு, அப்பா எடுத்த அளவெல்லாம் கொஞ்சம் குண்டாகவே வந்தது.

"பட்டம் வாங்கின பொண்ணு வீட்ல இருக்கு, வெளியாளை எதுக்குக் கூப்பிடணும்?" என்றார் அப்பா. நான் படித்தது புள்ளியியல், அத்தை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் மாத்திரை அட்டையிலிருந்து ரிமோட் வரைக்கும் எல்லாம் என் துறைதான். புள்ளியியலில் குழாய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வழக்கம்போல் சொல்லவில்லை. கடையில் இரண்டு வகை டேப் இருந்தது. ஒன்று துணியில் பசை தடவியது, மற்றொன்று மெல்லிய அலுமினியத் தகடு. அட்டையில் போட்டிருந்ததைப் படித்துப் பார்த்துத் தகடுதான் சரி என்று நான் மெதுவாகச் சொன்னேன். எவ்வளவு மெதுவாக என்றால், கடைக்காரர் "என்னம்மா?" என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். அப்பா துணி டேப்பை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "நல்ல நெசவு. இதுதான் தாங்கும்" என்றார். ஒரு தையல்காரர் வேறு எதை வாங்குவார்? பரண் சூட்டில் பசை இளகி, ஒட்டிய அடுத்த வாரமே அத்தனையும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. அப்பா "ம்" என்றார். அந்த ஒரு "ம்" மட்டும் எனக்குப் புரிந்தது. மறுநாள் தகட்டு டேப்போடு வந்தார்.

அதற்குப் பிறகு பரணில் நடந்ததைப் பார்த்திருந்தால் குழாய்க்கு நிச்சயதார்த்தம் என்றே நினைத்திருப்பீர்கள். ஊசியில் ஒரு நூலைக் கோத்து இணைப்புக்கு இணைப்பு பிடித்துப் பார்த்தார். நூல் ஆடிய இடத்தில் எல்லாம் சாக்பீஸால் குறி. பிறகு இஞ்சு டேப்பைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, "இடுப்பு முப்பத்தெட்டு, எழுதிக்கோ" என்றார். தையலுக்கு அரை இஞ்சு சேர்த்து வெட்டச் சொன்னார். நான் தூசியைத் துடைத்துக் கொடுக்க, அவர் பின்தாளை உரித்து ஒட்டினார். ஒட்டியதும் கீழே பார்த்து, "இஸ்திரிப் பெட்டியைக் கொடு" என்றார். அம்மா ஏணியடியில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பரண்ல நெருப்பு வைக்கப் போறீங்களா?"

"சூடு வேணாம், பிளக்கைப் புடுங்கிட்டுக் கொடு. அழுத்தினாத்தான் தையல் படியும்."

உண்மையைச் சொன்னால், அட்டையிலும் அழுத்தித் தேய்க்கச் சொல்லித்தான் போட்டிருந்தது. ஆறிய இஸ்திரிப் பெட்டியால் அவர் தேய்த்ததில் ஒரு சுருக்கம் இல்லை. கடைசி இணைப்பில் மட்டும் தன் சட்டைக் கையையும் சேர்த்து ஒட்டிக்கொண்டார். குழாயும் அப்பாவும் ஒன்றாகிவிட்டார்கள். அம்மா பதறிக் கையில் கிடைத்த கத்திரியோடு ஏறி வந்தாள். அப்பா போட்ட சத்தத்தில் நான் மேலிருந்து பிடித்துக்கொண்டிருந்த ஏணியை விட்டுவிட்டேன். "அது துணிக் கத்திரிடி! அதால டேப்பை வெட்டாதே! சட்டையை வெட்டு, பரவாயில்ல!" அம்மா சட்டையையே வெட்டினாள். அரை இஞ்சு சேர்த்துத்தான்.

அன்று சாயங்காலம் வீடே குளிர்ந்துவிட்டது. தையல் அறையில் ஒரு பேங்க் மேனேஜர் கோட்டுக்கு அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், வியர்க்கவே இல்லை. நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகையைத் தொடங்கினேன். அதுவரை என் பேச்செல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகப் பரணிலேயே சிந்திப்போயிருக்கிறது என்பதோ, இப்போது என் சல்லடைக்கும் தையல் அறைச் சல்லடைக்கும் நடுவில் ஒரு பொட்டு இடைவெளி கிடையாது என்பதோ எனக்கு உறைக்கவில்லை.

"அப்பா, எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு," என்றேன் என் குரலில். இரண்டு முறை இருமிவிட்டு, "ம். பொண்ணைத் தனியா அனுப்பிட்டு நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?" என்றேன் அப்பா குரலில்.

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" என்றது சல்லடை.

எனக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று ஒரு கணம் நானே அசந்துபோனேன்.

"இருமலும் தப்பு. நான் ஒரு தடவைதான் இருமுவேன்."

"ரெண்டு தடவைங்க," இது அம்மா, கொஞ்சம் தள்ளி.

"மாஸ்டர், கையை இறக்கிக்கலாமா?" இது மேனேஜர்.

ஓடி ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது, அத்தை. ஆனால் எதிரே அப்பா முகம் இல்லை, சல்லடைதான் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. என்ன வேலை, எந்த ஊர், எனக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது, கேட்கப் பயமாக இருக்கிறது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். "ம்" என்றது சல்லடை. அது சரியா, வேண்டாமா என்று நாற்காலியில் ஏறிச் சல்லடையில் காதை வைத்தேன்.

"வளர்ற பிள்ளைக்குத் தைச்சா, உள்ளே ரெண்டு விரல் மடிச்சு விட்டுத்தான் தைப்பேன்," என்றார் பிறகு. "பின்னாடி பிரிச்சு விடத்தானே அது. போயிட்டு வா."

"வாழ்த்துகள்மா!" என்றார் மேனேஜர். கையை இறக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை இங்கே எழுத அவசியமில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு பேரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டோம். ஆனால் எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டவர் அப்பா. நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது, அத்தை.

மாமாவுக்கு என் வணக்கங்கள். மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: பிழை இருக்கிறதா என்று கடிதத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். படித்து முடித்ததும், "எந்த ஊருன்னே எழுதலையே?" என்றது சல்லடை. "அவங்க வீட்டு மாடி ரூமைப் பத்திப் பேச்சே இல்லையே," என்றாள் அம்மா. "அக்காகிட்ட நீயே கேளு, நான் கேட்க மாட்டேன். அதான் நிபந்தனை. எனக்கு அக்கான்னா பயம். பயம்னு எழுதிடாதே," என்றார் அப்பா. எழுதிவிட்டேன்.

ஆகவே, எதையும் கேட்பதற்காக அல்ல என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். வேலை உங்கள் ஊரில்தான். உங்கள் வீட்டு மாடியறையில் நான் தங்கிக்கொள்ளட்டுமா? தயவுசெய்து "ம்" என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள், அத்தை.