ஏழாம் கணக்கு குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும், வீட்டாரும், தாங்கள் எழுதிய இயற்கணித நூலும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இக்கடிதத்தில் நான் சொல்லவிருப்பவை:

1. ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு வருத்தம்.
2. ஆயினும் தங்கள் நூலில் ஏழாம் கணக்கின் விடை தவறு என்பதற்கு நிரூபணம்.
3. தாங்கள் விட்டுச்சென்ற குடை.
4. கல்யாணத்தை நிறுத்திவிட வேண்டாம் என்ற வேண்டுகோள். (இதை முதலில் வைத்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.)

முதலாவது. அரசாங்க எடை அளவு அலுவலகத்தில் தராசுகளைச் சோதித்தே காலம் கழித்தவன் நான். எதையும் இரண்டு முறை பார்த்தால்தான் நம்பிக்கை வரும், வந்தாலும் தங்காது. தாங்கள் அன்பளிப்பாகத் தந்த நூலையும் வரிவரியாகப் படித்து, முடித்த இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு சிறு செங்குத்துக் கோடு இட்டுவந்தேன். இரண்டாம் முறை படித்தபோது ஏழாம் கணக்கில் மாட்டிக்கொண்டேன். x² + 5x + 6 என்பதைக் காரணிப்படுத்தச் சொல்லிவிட்டு, பின்பக்கத்தில் (x + 6)(x − 1) என்று விடை தந்திருக்கிறீர்கள். தனியாகக் கேட்டிருக்கலாம். எல்லோரும் கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருந்தபோது, நானும் ஏதாவது பேச வேண்டுமே என்ற பயத்தில் புத்தகத்தை நீட்டி, "ஒரு சின்ன சந்தேகம், சம்பந்தி" என்றேன். தாங்கள் பார்த்தீர்கள், முகம் வெளுத்தது, "இத்தன வருஷமா பசங்க இதத்தானே படிக்கிறாங்க" என்றீர்கள், பாதித் தேநீரோடு எழுந்து போனீர்கள், தங்கள் பிள்ளையும் பின்னாலேயே போனார், என் பெண் என்னைப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு மாப்பிள்ளை வேணுமா, காரணி வேணுமா?" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று நான் சொன்னது தவறுதான்.

இரண்டாவது. பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து வரும் எண்கள் இரண்டும் மூன்றும். ஆகவே விடை (x + 2)(x + 3). தங்கள் காரணிகளைப் பெருக்கினால் ஆறுக்கு முன் கழித்தல் அல்லவா வருகிறது? இதை என் மனைவியிடம் விளக்கினேன், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே, "ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கிற பிடிவாதத்த முதல்ல வெளிய எடுங்க, மிச்சம் தானா சரியாயிடும்" என்றாள், அவள் பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரி, எனக்குப் பயம் வந்துவிட்டது, மறுபடி போட்டுப் பார்த்தேன், மறுபடியும் இரண்டும் மூன்றும்தான். பெண் என்னோடு பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டே, "அம்மா, அவருக்குச் சோறு போதுமான்னு கேளு" என்கிறாள். எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்குது, சம்பந்தி.

மூன்றாவது. குடை பத்திரமாக இருக்கிறது. ஒரு கம்பி வளைந்திருக்கிறது. அது முன்பே வளைந்ததா, நான் சோதித்துப் பார்த்ததில் வளைந்ததா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

நான்காவது. விடை தவறானாலும் தங்கள் பிள்ளை நல்லவர். கல்யாணம் நடக்கட்டும். ஏழாம் கணக்கை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் வீட்டில் எல்லாம் மீதியின்றி நிறைவாக அமைய வேண்டும்,
பணிவுடன்,
பெண்ணைப் பெற்றவன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் மனைவி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். ரப்பரை எடுத்து, ஏழாம் கணக்கின் கேள்வியில் ஆறுக்கு முன்னால் இருந்த குறியின் மேல் இலேசாகத் தேய்த்தாள். நின்ற கோடு போய்விட்டது. படுத்த கோடு மட்டும் அச்சில் இருந்தது. நின்ற கோடு என்னுடையது. தங்கள் விடை சரி. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்கப்பா, அப்படியே அனுப்புங்க. அவர் சிரிச்சாத்தான் எனக்குக் கல்யாணம்" என்றாள் பெண். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியது இதுதான். ஆகவே அனுப்புகிறேன். இக்கடிதத்தையும் இரண்டு முறை படித்துக் கோடு இட்டிருக்கிறேன்; எங்கேனும் கூட்டல் தென்பட்டால், முதலில் ரப்பரால் தேய்த்துப் பார்க்கவும். மேலே சொன்ன நான்கில் இரண்டாவது முற்றிலும் தவறு.